‘தி க்ளோசர்’ பார்த்துச் சிரித்தவரும், பாதியில் எழுந்து போனவரும்

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். நண்பர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடி, அமெரிக்க மேடை நகைச்சுவைக் கலைஞர் டேவ் சப்பெல்லின் ‘தி க்ளோசர்’ பார்த்திருக்கிறார்கள். பாதிப்பேர் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒரு தோழி நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சுவார்த்தை சரியில்லை. சிரித்தது தவறா, எழுந்து போனது தவறா என்பது முதல் கேள்வி. ஓண விடுமுறையில் ஊரிலேயே ஒரு ஓப்பன் மைக், அதாவது விருப்பமுள்ளவர்கள் மேடையேறிச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சி, நடத்தப் போகிறார்கள். தமிழர்-மலையாளி கிண்டல் ஒன்றும், திருநங்கைகளைப் பற்றிய செட் (ஒருவர் தொடர்ந்து சொல்லும் கிண்டல் வரிசை) ஒன்றும் தயாராக இருக்கின்றன. எதுவரை போகலாம் என்பது இரண்டாவது கேள்வி.

தம்பி, முதல் கேள்விக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவர் மேலும் தவறில்லை. ஒரு கிண்டல் யார் முன்னால் சொல்லப்படுகிறது, அதில் அடிபடுகிறவர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா, இருந்தால் அவரால் வாய் திறந்து பதில் சொல்ல முடியுமா என்ற மூன்றையும் பொறுத்துத்தான் சிரிப்பு வரும், அல்லது தொண்டையிலேயே நிற்கும். கருத்துச் சுதந்திரம், கலைஞரின் துணிச்சல், புண்படும் மனம் என்று ஊரெல்லாம் பேசுகிற விஷயங்கள் இதற்கு அடுத்த படியில்தான் வருகின்றன. இந்த மூன்றையும் பார்க்காமல் அவற்றைப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

‘தி க்ளோசர்’ 2021 அக்டோபர் 5-ஆம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. டெட்ராய்ட்டில் பதிவு செய்தது, 72 நிமிடம். 2017-இல் தொடங்கிய ஆறு நிகழ்ச்சி வரிசையில் கடைசி. அதில் அவர் நகைச்சுவையோடு ஒரு வாதத்தையும் வைக்கிறார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் நூற்றாண்டுகளாகப் போராடியும் எட்டாத இடத்தைத் தன்பாலின, திருநர் இயக்கங்கள் எப்படி இவ்வளவு வேகமாக எட்டின என்று தனக்குப் பொறாமை என்கிறார். திருநர் விவகாரத்தில், உடல்வழிப் பாலினம் உண்மையானது என்று வாதிட்ட ‘ஹாரி பாட்டர்’ ஆசிரியர் ஜே.கே. ரௌலிங் பக்கம் நிற்பதாக அறிவிக்கிறார். கடைசியில், சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் நிகழ்ச்சிக்கு முன்பாக மேடையேறிய டாஃப்னே டோர்மன் என்ற திருநங்கைக் கலைஞரின் கதையைச் சொல்கிறார். டோர்மன் 2019-இல் தற்கொலை செய்துகொண்டவர். அவர் சப்பெல்லுக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசியவர். அவருடைய குடும்பத்தாரும் பின்னர் சப்பெல்லுக்கு ஆதரவாகவே பேசினார்கள்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. அக்டோபர் 20-ஆம் தேதி நெட்ஃப்ளிக்ஸ் ஊழியர்கள் சிலர் வேலையை நிறுத்திவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த டெட் சராண்டோஸ், திரையில் வருவது நேரடியாக வெளியுலகில் தீங்காக மாறுவதில்லை என்று ஊழியர்களுக்கு எழுதியிருந்தார். பிறகு, அதைக் கையாண்ட விதம் பிசகு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நிகழ்ச்சியை நீக்கவில்லை. எதிர்த்தவர்களில் கறுப்பினத் தன்பாலினர், திருநர் உரிமைக்கான தேசியக் கறுப்பின நீதிக் கூட்டமைப்பும் இருந்தது. இதை முக்கியமாகக் கவனியுங்கள். கறுப்பினத்தவர் ஒரு பக்கம், திருநர் மறுபக்கம் என்று சப்பெல் கோடு கிழிக்கும்போது, கறுப்பினத் திருநங்கை எந்தப் பக்கம் நிற்பார்? அவருக்கு அந்த 72 நிமிடத்தில் நிற்க இடமே இல்லை. அந்த நிகழ்ச்சியின் பெரிய ஓட்டை அதுதான் என்று நினைக்கிறேன். புண்படுத்தினார் என்ற குற்றச்சாட்டைவிட இது கனமானது.

இத்தனைக்கும், யார் சிரிக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சப்பெல்லைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறொருவர் இல்லை. 2005-இல் அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி ‘சப்பெல்ஸ் ஷோ’ உச்சத்தில் இருந்தது. மூன்றாவது பருவத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, ஏறத்தாழ 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். மனநிலை சரியில்லை, போதைப் பழக்கம் என்றெல்லாம் புரளி கிளம்பியது. மறு ஆண்டு ஓப்ரா வின்ஃப்ரேயிடம் அவரே காரணம் சொன்னார். இனவெறிப் பார்வையைக் கேலி செய்வதற்காக, முகத்தில் கருமை பூசிய ஒரு குட்டி உருவமாக ஒரு குறுநாடகத்தில் நடித்தார். படப்பிடிப்புத் தளத்தில் இருந்த வெள்ளையர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் தொனி இவரை உறுத்தியது. இனவெறியைப் பார்த்துச் சிரிக்கிறாரா, கறுப்பினத்தவரைப் பார்த்தே சிரிக்கிறாரா என்று இவருக்குள் கேள்வி எழுந்துவிட்டது. அதே வரிகளைக் கறுப்பினத்தவர் நிறைந்த அறையில் சொல்லியிருந்தால் அந்த உறுத்தல் வந்திருக்காது.

அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். சிரிப்புச் சத்தத்தை அளந்து வாழ்கிற தொழிலில், ஒரே ஒரு சிரிப்பின் தரம் சரியில்லை என்று எழுந்து போவது சாதாரண விஷயம் இல்லை. பதினாறு ஆண்டு கழித்து ‘தி க்ளோசர்’ வந்தபோது திருநங்கைகள் பலர் அவரிடம் கேட்டதும் இதே கேள்விதான்: எங்களைப் பற்றி நீங்கள் சொல்கிற வரிக்கு யார் சிரிக்கிறார்கள், எந்தத் தொனியில் சிரிக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? உங்கள் தோழி எழுந்து போனதையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவர் சப்பெல்லை விட்டு எழுந்து போனார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அறையில் கேட்ட சிரிப்பை விட்டும் எழுந்து போயிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் அமெரிக்காவில் போய்த் தேட வேண்டியதில்லை. பாலக்காட்டு மண்ணிலேயே இதற்குப் பழைய கணக்கு இருக்கிறது. ஒருவரே கதை சொல்லி நடிக்கும் சாக்கியார் கூத்தில் விதூஷகன் எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராயிருந்தாலும், ராஜாவே ஆனாலும், கிண்டல் செய்யலாம். கேட்டுக்கொண்டிருப்பவர் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது வழக்கம். அதிகாரத்தை முகத்துக்கு நேரே பேசிய பெரிய மரபு அது. ஆனால் அந்தக் கூத்து நடந்தது கோயிலுக்குள், கூத்தம்பலத்தில். உள்ளே நுழைய அனுமதி பெற்ற சாதிகள் மட்டுமே கேட்டன. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936-இல்தான். நம் பாலக்காட்டுச் சித்தூர் இருந்த கொச்சி ராஜ்யத்தில் அதற்கும் பிறகு. கோயிலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களைப் பற்றி உள்ளே ஏதாவது சொல்லிச் சிரித்திருந்தால், அவர்கள் காதுக்கு அது எட்டியிருக்காது.

லக்கிடிக்குப் பக்கத்தில் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார் 18-ஆம் நூற்றாண்டில் செய்த காரியத்தின் பெருமை இங்கேதான் தெரியும். கூத்துக்கு மிழாவு என்ற தாளக் கருவி வாசிக்கும்போது கண்ணயர்ந்துவிட்டார், சாக்கியார் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார், மறுநாளே நம்பியார் துள்ளல் என்ற புதிய கதையாட்டம் ஆடி அந்தக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பது ஐதீகம். கதை எப்படியோ, விளைவு கண்கூடு. எல்லோருக்கும் புரிகிற மலையாளம், கோயில் முற்றம், சாதாரண ஜனங்கள். கேட்கிற கூட்டம் மாறியதும் கிண்டலின் குறியும் மாறியது. பெரிய மனிதர்களின் பேராசை, அதிகாரிகளின் அட்டகாசம், சாதிப் பகட்டு எல்லாம் புராணக் கதைக்குள் நுழைந்து வெளியே வந்தன.

என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது பொறாட்டு நாடகம். சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பாணர் சமூகக் கலைஞர்கள் ஆடுவது. அறுப்பு முடிந்த வயலில் இரவு முழுக்க நடக்கும். பாட்டும் பேச்சும் தமிழும் மலையாளமும் கலந்தே வரும், அதனால் நம் பாட்டிமார்களுக்கு ஒரு வரிகூட விளங்காமல் போனதில்லை. குறவன் குறத்தி, மண்ணான் மண்ணாத்தி என்று ஜோடி ஜோடியாகப் பாத்திரங்கள் வந்து சண்டை போடும், கொஞ்சும், ஏசும். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். இதில் சோத்தியக்காரன் என்று ஒருவன் உண்டு. மேடைக்கு வருகிற ஒவ்வொரு பாத்திரத்தையும் நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வருகிறாய், ஏன் கோபித்துக்கொண்டு வந்தாய் என்று குடைந்து குடைந்து கேட்பான். கூட்டம் மனதில் நினைப்பதை அவன் வாய்விட்டுக் கேட்டுவிடுவான். பாத்திரம் பதில் சொல்லியே ஆக வேண்டும். கொச்சையான வரிகள் ஏராளம் உண்டு, இன்றைய மேடையில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் சொல்கிறவரும் சொல்லப்படுகிறவரும் கேட்கிறவரும் ஏறக்குறைய ஒரே வரப்பில் வேலை செய்கிறவர்கள். ஒருவன் குத்தினால் அடுத்தவன் திருப்பிக் குத்துவான்.

அதே நாடகத்தின் ஒரு துண்டை ஒருமுறை நகரத்தில் குளிரூட்டிய அரங்கில் பார்த்தேன். ஆடியவர்கள் அதே கலைஞர்கள்தான், பாட்டும் அதேதான். ஆனால் நேரம் குறைவு என்று சோத்தியக்காரன் பகுதியை வெட்டிவிட்டார்கள். கீழே உட்கார்ந்தவர்கள் அந்தச் சாதிகளில் ஒன்றிலும் பிறந்தவர்கள் இல்லை. சிரிப்பு வந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. சப்பெல் 2005-இல் கேட்ட சிரிப்பு இப்படித்தான் இருந்திருக்கும்.

ஸ்பெஷல், அதாவது படம் பிடித்து வெளியிடும் மேடை நகைச்சுவை நிகழ்ச்சி, என்ற வடிவத்துக்கு வருவோம். அரங்கில் நேரில் பார்ப்பது வேறு, ஸ்பெஷல் வேறு. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காட்சிகளைப் பதிவு செய்து, நன்றாக வந்த பகுதிகளை வெட்டிச் சேர்க்கிறார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஏற்கெனவே அந்தக் கலைஞரின் ரசிகர்கள். சப்பெல் நிகழ்ச்சிகளில் கைப்பேசியைப் பூட்டிய பையில் போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அறையில் நடப்பது அறைக்குள்ளேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் கூட்டம் கொஞ்சம் தளர்ந்து சிரிக்கிறது. பிறகு அந்த அறையின் சிரிப்பையே படம் பிடித்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அறையில் இருந்தவர்கள் சம்மதித்து வந்தவர்கள். வீட்டில் பார்க்கிறவருக்கு அப்படியொரு உடன்பாடு கிடையாது. இங்கே சோத்தியக்காரன் கிடையாது, திரையைக் குறுக்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்க முடியாது. அந்தக் கேள்விதான் பிறகு வெளிநடப்பாகவும் கண்டனமாகவும் வெளியே வருகிறது. எதிர்ப்பைச் சகிப்பின்மை என்று சுலபமாகத் தள்ளிவிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

விமர்சகர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் ஏன் இத்தனை இடைவெளி என்ற கேள்வியும் இதோடு வருகிறது. இதற்கு முந்தைய ‘ஸ்டிக்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்’ (2019) வந்தபோது விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர் மதிப்பு 40 சதவீதத்துக்கும் கீழே, பார்வையாளர் மதிப்பு 99 சதவீதம். மக்கள் ஒரு பக்கம், மேட்டுக்குடி ஒரு பக்கம் என்று இதை விளக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விமர்சகர் தொழிலுக்காக எல்லாவற்றையும் பார்க்கிறவர். பார்வையாளர் பகுதியில் மெனக்கெட்டு மதிப்பெண் போடுகிறவர் பெரும்பாலும் பிடித்துப்போய் வந்தவர், அல்லது சண்டையில் ஒரு பக்கம் சேர வந்தவர். பார்த்துவிட்டு மனம் நொந்து டிவியை அணைத்தவர் எங்கேயும் கணக்கில் வருவதில்லை. விருதுகளை வைத்தும் தீர்ப்பு எழுத முடியாது. ‘தி க்ளோசர்’ 2023-இல் கிராமி வாங்கியது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்த்துப் பாருங்கள்: ஹன்னா கேட்ஸ்பியின் ‘நானெட்’, 2018. அவர் ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர், டாஸ்மேனியா மாநிலத்துக்காரர். அந்த மாநிலத்தில் தன்பாலின உறவு 1997 வரை குற்றமாக இருந்தது. சிட்னி ஆப்ரா ஹவுஸில் பதிவு செய்த அந்த நிகழ்ச்சியில் முதல் பாதி முழுக்கச் சிரிக்க வைக்கிறார். பிறகு, நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டுகிறார். கூட்டத்தில் ஒரு இறுக்கத்தை உண்டாக்கி, பஞ்ச் வரியால் அதைத் தளர்த்திவிடுவதுதான் தொழில். முன்பு சிரிப்புக்காகச் சொன்ன ஒரு சம்பவத்தின் மிச்சத்தை, அதாவது தான் அடிபட்டதை, இப்போது சொல்லிவிட்டு அந்த இறுக்கத்தைத் தளர்த்தாமலே விட்டுவிடுகிறார். ஒதுக்கப்பட்ட ஒருவர் தன்னைத்தானே கேலி செய்துகொள்வது அடக்கமாகாது, அவமானம்தான் என்கிறார். இது காமெடியே இல்லை என்று ஒரு கூட்டம் கோபப்பட்டது. சப்பெல்லிடம் கோபப்பட்ட கூட்டம் வேறு, இவரிடம் கோபப்பட்டது வேறு. 2021-இல் சராண்டோஸ் சப்பெல்லுக்கு ஆதரவு சொல்லும்போது கேட்ஸ்பியின் பெயரையும் இழுக்க, கேட்ஸ்பி கடுமையாகவே பதில் கொடுத்தார்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ் சினிமா நகைச்சுவைப் பகுதிகளில் திருநங்கைகளைக் கண்டதும் கதாநாயகனின் நண்பன் ஓடுவதும், அரங்கம் அதிரச் சிரிப்பதும் எத்தனை ஆண்டுகள் நடந்தன. தமிழ்நாடு 2008-இல் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. கேரளம் 2015-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் அந்த ஓட்டமும் சிரிப்பும் நிற்கவில்லை. அந்தத் தியேட்டர்களில் திருநங்கைகளும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்ப்பு என்று நான் சொல்வது பேச்சை, எழுத்தை, வெளிநடப்பை, டிக்கெட் வாங்காமல் இருப்பதை. கை ஓங்குவது இதில் சேராது. 2022 மே 3-ஆம் தேதி ஹாலிவுட் பௌல் அரங்கில் ஒருவர் மேடையில் பாய்ந்து சப்பெல்லைத் தாக்கினார். நம் நாட்டில் நடப்பது அதைவிட மோசம். நகைச்சுவைக் கலைஞர் முனவ்வர் ஃபாரூக்கி 2021 புத்தாண்டு அன்று இந்தோரில் கைதானார், உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 2025 மார்ச்சில் குணால் கம்ராவின் ‘நயா பாரத்’ வந்ததும், அது பதிவான மும்பை அரங்கை அடித்து நொறுக்கினார்கள். அவர் விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருப்பவர் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம்தான் அவருக்கு இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது. கம்ரா கிண்டல் செய்தது அப்போது பதவியில் இருந்த ஓர் அரசியல்வாதியை, மகாராஷ்டிரத் துணை முதல்வரை. அவருக்கு மைக் உண்டு, கட்சி உண்டு, காவல்துறை உண்டு. பதில் சொல்ல அத்தனை வழியும் இருந்தும் நாற்காலி பறந்தது. திருநங்கையைக் கேலி செய்யும் வரியையும் துணை முதல்வரைக் கேலி செய்யும் வரியையும் ‘சர்ச்சை’ என்று ஒரே பெயரில் அடைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இனி உங்கள் ஓப்பன் மைக். தமிழர்-மலையாளி கிண்டல் தாராளமாகச் செய்யுங்கள். எல்லையில் பிறந்த நமக்கு அந்த உரிமை இரண்டு பக்கமும் உண்டு. மிமிக்ரி மேடைகளில் கொச்சை மலையாளம் பேசும் ‘பாண்டி’யாக நம்மைக் காட்டியபோது கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கசந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கோவைப் பக்கம் போனால் நம் தமிழைக் கேட்டு மலையாளத்தான் என்பார்கள். தமிழ்ப் படங்கள் டீக்கடை நாயரை வைத்து அடித்த கூத்தும் குறைவில்லை. கும்ப மாதத்தில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை என்ற விழா நடக்கும்போது, தோற்று ஓடுகிற படை கொங்கு நாட்டிலிருந்து வந்த படை. வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் அதைப் பார்க்கத் திரண்டு நிற்கிறார்கள், யாரும் மனம் கோணுவதில்லை, ஏனென்றால் அது அவர்களுடைய திருவிழாவும்கூட. இவ்வளவு சரக்கு வேறெந்த ஊர்க்காரனுக்கும் கிடைக்காது. இரண்டு மொழியிலும் பேசுங்கள், கூட்டத்திலும் இரண்டு தரப்பும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநங்கைகளைப் பற்றிய செட்டை எடுத்துவிடுங்கள். எழுதியவர் குழுவில் திருநங்கை யாரும் இல்லை, கேட்க வருகிறவர்களிலும் இருக்க மாட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பற்றிச் சிரிப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டியிருக்கிறது? மேடை ஏற விருப்பமுள்ள திருநங்கைக் கலைஞர் ஒருவரைத் தேடி அழையுங்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நேரத்தை, அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள். அவர் எதைக் கிண்டல் செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

இன்னொரு யோசனை. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒரு சோத்தியக்காரனை உட்கார வையுங்கள், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு செட்டின் நடுவிலும் குறைந்தது ஒரு கேள்வி கேட்க அவருக்கு உரிமை கொடுங்கள். சப்பெல்கூட 2021 நவம்பரில் தான் படித்த வாஷிங்டன் பள்ளிக்குப் போய் மாணவர்கள் முன்னால் நின்றார். அவர்கள் நேருக்கு நேர் கேட்ட கேள்விகள் அவரைக் காயப்படுத்தின. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு, அந்தப் பள்ளி அரங்கத்துக்குத் தன் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கேள்வி கேட்க ஆள் இருந்தால் எவ்வளவு பெரிய கலைஞரும் ஓரடி நகர்வார்.

வீடியோ எடுத்துத் துண்டு துண்டாகப் போடுவதாக இருந்தால், சோத்தியக்காரனின் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் சேர்த்தே போடுங்கள். கேள்வியை வெட்டிவிட்டுப் பஞ்ச் வரியை மட்டும் போட வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் போதாவிட்டால் சொல்லுங்கள் தம்பி, நான் வருகிறேன்.